புளியறையில் நாங்க நின்ன ராத்திரி

1/
நேத்து ஒரு ஓட்டக் குழுவோட வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு பார்த்தேன். "ஞாயிறு லாங் ரன். வெயில் அதிகம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம்." கீழே வரிசையா கட்டைவிரல். எனக்கு உடனே புளியறை ஞாபகம் வந்துச்சு. இந்த இழையை ரொம்ப நாளா எழுதாம தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். ஏன்னா இதுல தப்பு பண்ணினது நான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
சில வருஷம் முன்னாடி, ஈஸ்டர் சமயம். நாங்க நாலு பேர் ஒரு டீமா 24 மணி நேர சைக்கிள் பயணத்துல கலந்துக்கிட்டோம். இதுக்கு 'ஃப்ளெஷ்'னு பேர். பிரெஞ்சுல அம்புன்னு அர்த்தம். 1904-ல் தொடங்கின ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் உருவாக்கின வடிவம் இது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீட்டர் நடத்துறதும் அவங்கதான். இங்க ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் கீழே உள்ளூர் கிளப்புகள் நடத்துறாங்க.

3/
விதிகள் ரொம்ப எளிமை. ஒரு டீமுக்கு மூணு முதல் அஞ்சு சைக்கிள். 24 மணி நேரத்துல குறைஞ்சது 360 கிலோமீட்டர். ஒரே இடத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது. கடைசி ரெண்டு மணி நேரத்துல குறைஞ்சது 25 கிலோமீட்டர் ஓட்டியாகணும். முடிக்கும்போது குறைஞ்சது மூணு சைக்கிள் சேர்ந்து வரணும்.

இந்தக் கடைசி விதியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

4/
அட்வெஞ்சர் ரேஸ்னு டிவியில பார்த்திருப்பீங்க. 2019-ல் ஃபிஜி தீவுகள்ல நடந்த ஈகோ-சேலஞ்ச் மாதிரி. நாலு பேர், ராத்திரி பகலா காடு, ஆறு, மலை. அதுல ஒருத்தர் கழண்டாலும் மொத்த டீமும் தரவரிசையில இருந்து வெளிய. எங்களோடது அவ்வளவு பெரிசு இல்ல, ரேஸும் இல்ல, கடிகாரத்தோட மட்டும்தான் போட்டி. ஆனா டீம்ங்கிற சங்கதி அங்கயும் இங்கயும் ஒண்ணுதான். மெதுவா வர்ற ஆளோட வேகம்தான் டீமோட வேகம்.

5/
எங்க டீம்: பேங்க்ல வேலை பார்க்குற அண்ணன், எண்பத்தஞ்சு கிலோ, கணக்குப் புலி. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேச மாட்டார். அப்புறம் தம்பி, இருபத்தி நாலு வயசு, 52 கிலோ, அதுவரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல ஓட்டினது இல்ல. நாலாவது நான். டாக்டர்ங்கிறதால சாப்பாடு, தண்ணி, மாத்திரை எல்லாம் என் பொறுப்பு. யாரும் ஒப்படைக்கல, நானா எடுத்துக்கிட்டேன்.

6/
வழி: காலையில 8 மணிக்கு கன்னியாகுமரி. நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம். அங்க வலது பக்கம் திரும்பி புனலூர், தென்மலை, ஆரியங்காவு. நடுராத்திரி மலை இறங்கி புளியறை, செங்கோட்டை. அப்புறம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியா மறுநாள் காலை 8 மணிக்கு மதுரைப் பக்கம். கொல்லத்துல இருந்து திருமங்கலம் வரைக்கும் ஒரே ரோடு, தேசிய நெடுஞ்சாலை 744.

7/
கிளம்புறதுக்கு முன்னாடி விவேகானந்தர் பாறையைப் பார்த்தபடி ஒரு டீ. அப்ப நான் ஒரு சின்ன வகுப்பு எடுத்தேன். "கடற்கரை ரோடு, புழுக்கம் ஜாஸ்தி. தாகம் எடுத்தா ஏற்கெனவே லேட்டுன்னு அர்த்தம். மணிக்கு ஒரு லிட்டர். மூத்திரம் தண்ணி மாதிரி வெள்ளையா போகணும்." அண்ணன், "அவ்வளவு உள்ள போகாது டாக்டரே"ன்னு சிரிச்சார். வாத்தியார் தலையாட்டினார், கேட்டுக்கிட்ட மாதிரி தெரியல. தம்பி மட்டும் போன்ல அலாரம் வச்சான். மணிக்கு ஒரு தடவை.

8/
பகல் முழுக்க அந்த அலாரம் அடிச்சுது. மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, ஆற்றிங்கல். சட்டையைப் பிழிஞ்சா வேர்வை சொட்டுற புழுக்கம். தம்பி சொன்னபடி குடிச்சான். நான் அவனை மத்தவங்களுக்கு உதாரணமா காட்டினேன். "பாருங்க, தம்பிதான் ஒழுங்கு."

கொல்லத்துல முட்டி வலிக்குதுன்னான். என் பையில இருந்து ஒரு வலி மாத்திரை. புனலூர்ல இன்னொண்ணு.

9/
புனலூர் வரும்போது நல்லா இருட்டிருச்சு. கல்லடை ஆத்து மேல 1877-ல் கட்டின தொங்குபாலம் இருக்கு, அதுக்குப் பக்கத்துல உக்காந்து கஞ்சியும் பயறும் சாப்பிட்டோம். அங்க இருந்து மலை. காத்து சில்லுனு மாறிருச்சு, வேர்வை அடங்கிருச்சு. ஆனா தம்பியோட அலாரம் அதே மணிக்கு ஒரு தடவைதான். எனக்கு அதை மாத்தணும்னு தோணவே இல்ல.

10/
தென்மலை பக்கம் வரும்போது, "தலை வலிக்குண்ணே"ன்னான். நான்: "நீர்ச்சத்து குறைஞ்சிருக்கும். குடி."

கழுதுருட்டிக்கிட்ட ரோட்டை ஒட்டியே பதிமூணு கண் பாலம். நூறு வருஷத்துக்கு மேல பழசு, கொல்லம்-செங்கோட்டை ரயில் பாதைக்காகக் கட்டினது. மீட்டர்கேஜா இருந்து 2018-ல் அகலப்பாதையா முழுசா திறந்தாங்க. டார்ச் அடிச்சு போட்டோ எடுத்தோம். தம்பி மட்டும் வரல. சைக்கிள் ஹேண்டில்பார் மேல நெத்தியை வச்சு நின்னான்.

11/
ஆரியங்காவு ஏத்தத்துல, "வயிறு உப்பிசமா இருக்குண்ணே, குமட்டுது." நான்: "ஒரேயடியா குடிக்காத, கொஞ்சம் கொஞ்சமா குடி."

கவனிச்சீங்களா? அவன் மூணு தடவை மூணு விஷயம் சொன்னான். மூணுக்கும் நான் கொடுத்த பதில் ஒண்ணுதான். ஓபியில ஒரு நோயாளி வந்து இதையே சொல்லியிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவன் என் டீம், அதனால ஒரு கேள்வியும் கேட்கல.

12/
கோட்டவாசல்ல மாநில எல்லை. அதுக்கு அப்புறம் இறக்கம். பகல்ல அந்த வழியா வந்தவங்களுக்குத் தெரியும், மலை சட்டுனு விலகி கீழ வயலும் தென்னையுமா புளியறை விரியும். ராத்திரி அது எதுவும் இல்ல. எதிர்ல கேரளாவுக்குப் போற லாரி வரிசை. காய்கறி, வைக்கோல், சிமெண்ட். எஸ் வளைவுல மேல ஏற முடியாம முனகிக்கிட்டு வரும். அதுங்க ஹெட்லைட்டுல நமக்கு ரோடே தெரியாது.

13/
தம்பிக்குப் பின்னாடி நான் வந்தேன். அவனோட சிவப்பு விளக்கு ரோட்டுக்கு நடுவுல போகுது, திரும்ப ஓரத்துக்கு வருது, திரும்ப நடுவுக்கு. ஒரு லாரிக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடிச்சுட்டார். நான் கத்தினேன். அவன் திரும்பியே பார்க்கல. கீழ இறங்கி சோதனைச்சாவடி வெளிச்சம் தெரியற வரைக்கும் எனக்கு மூச்சு இல்ல.

கொரோனா காலத்துல இ-பாஸ் செய்தியிலயும், பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் வண்டிக்கு மருந்து அடிக்கிற செய்தியிலயும் வருமே, அதே புளியறை சோதனைச்சாவடி.

14/
பக்கத்துல லாரிக்காரங்களுக்காக ராத்திரியும் திறந்திருக்கிற ஒரு டீக்கடை. மணி ஒண்ணு. சுமார் 240 கிலோமீட்டர் வந்திருந்தோம். தம்பி பெஞ்சுல உக்காந்து என்னைப் பார்த்து, "அம்மா வந்துட்டாளாண்ணே?"ன்னான்.

நாங்க மூணு பேரும் சிரிச்சோம். ஆமா, சிரிச்சோம். ராத்திரி முழுக்க சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு இது சகஜம். தூக்கம் கண்ணைக் கட்டும்போது மரம் ஆளா தெரியும், யாரோ கூப்பிடுற மாதிரி கேக்கும். அப்படித்தான்னு நினைச்சோம்.

15/
அண்ணன் கணக்குப் போட்டார். "இன்னும் 120 தாண்டணும், ஏழு மணி நேரம் இருக்கு. ஒன்றரைக்குள்ள கிளம்பினா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விடிஞ்சிரும். தம்பிக்குத் தூக்கம்தான். இங்கயே படுக்கட்டும், காலையில பஸ் ஏறி வரட்டும். மூணு பேர் முடிச்சா போதும்லா?"

தம்பியும், "நீங்க போங்கண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன், தூங்குனா சரியாயிரும்"னான்.

16/
இதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன். நான் சரின்னு தலையாட்டினேன்.

மாசக்கணக்கா காலையில நாலு மணிக்கு எழுந்து பயிற்சி எடுத்தது, லீவு போட்டது, வீட்டுல வாங்கின திட்டு எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. விதி வேற இடம் கொடுக்குது. பாட்டில்ல தண்ணி நிரப்பி அவன் தலைமாட்டுல வச்சேன். "எழுந்திருச்சதும் இதைக் குடிச்சிரு." இதுதான் நான் அவனுக்குக் கொடுத்த கடைசி மருத்துவ ஆலோசனையா ஆகியிருக்கும்.

17/
டீ ஆத்திக்கிட்டிருந்த கடை அண்ணாச்சி தம்பியையே பார்த்துக்கிட்டு இருந்தார். மெதுவா எங்கிட்ட வந்து, "சார், தூக்கத்துல வாற டிரைவர தெனமும் பாக்கேன். முகத்துல தண்ணி அடிச்சா முழிச்சிருவான். இந்தப் பையன் முழி வேற மாதில்லா இருக்கு"ன்னார்.

நான் டாக்டர்னு அவருக்குத் தெரியாது.

18/
அப்பதான் முதல் தடவையா டீம்காரனா இல்லாம டாக்டரா அவன்கிட்ட உக்காந்தேன்.

"எங்க இருக்கோம்டே?"
"மார்த்தாண்டம்."
அது காலையில தாண்டின ஊர்.

நாக்கு ஈரமா இருந்துச்சு. நாடி சீரா இருந்துச்சு. தாகமா இருக்கான்னு கேட்டா இல்லங்கிறான். கையைப் பிடிச்சேன். காலையில மணிக்கட்டுல ஆடிக்கிட்டு இருந்த வாட்ச் பட்டை இப்ப சதைக்குள்ள அமுங்கிக் கிடக்கு. கிளவுஸைக் கழட்ட முடியல, விரல் எல்லாம் வீங்கி இருக்கு. அடுத்த நிமிஷம் வாந்தி எடுத்தான். சாப்பாடு இல்ல, வெறும் தண்ணி. வந்துட்டே இருந்துச்சு.

19/
நீர்ச்சத்து குறைஞ்ச ஆளுக்கு விரல் வீங்காது. வாட்ச் இறுகாது.

வார்டுல இதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்! பிபி மாத்திரை சாப்பிடுற பாட்டியைக் கூட்டிட்டு வந்து, "நேத்துல இருந்து பேச்சு மாறிப்போச்சு டாக்டர்"னு சொல்வாங்க. ரத்தத்துல சோடியம் பார்ப்போம், குறைஞ்சிருக்கும். நம்ம வீடுகள்ல 'உப்பு இறங்கிருச்சு'ன்னு சொல்றது அதைத்தான். அதே உப்பு. இவனுக்கு இறக்கி விட்டது நான்.

20/
தலைமாட்டுல வச்ச பாட்டிலை எடுத்துக் கொட்டினேன். 108-க்கு அடிச்சோம். அண்ணன்கிட்ட, "நான் இவன்கூட போறேன், நீங்க ரெண்டு பேரும்..."னு ஆரம்பிச்சேன். ரெண்டு பேர் முடிச்சா கணக்குல வராது, அது அவருக்கும் தெரியும். அவர் ஹெல்மெட்டைக் கழட்டி மேஜை மேல வச்சார். "மதுரை எங்கயும் போயிராது டாக்டரே." அவ்வளவுதான். வாத்தியார் ஏற்கெனவே தம்பி சைக்கிளைக் கடைக்குப் பின்னாடி சாய்ச்சு வச்சுப் பூட்டிட்டு இருந்தார்.

21/
ஆம்புலன்ஸ்ல ஊசி மட்டும் போட்டு வச்சோம், சலைன் ஓட விடல. செங்கோட்டை தாண்டும்போது தம்பிக்கு வலிப்பு வந்துச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலையைப் பிடிச்சுக்கிட்டேன். எத்தனையோ வலிப்பு பார்த்தவன் நான். அன்னைக்கு என் கை நடுங்குச்சு.

அந்த பெஞ்சுல 'தூங்க' விட்டுட்டுப் போயிருந்தா இந்த வலிப்பு அங்க வந்திருக்கும். நாங்க கடையநல்லூர் பக்கம் ஓட்டிக்கிட்டு இருந்திருப்போம்.

22/
தென்காசியில ஒரு மருத்துவமனை. பணியில இருந்த இளம் டாக்டர் என் பேச்சை முழுசா கேட்டுட்டு ரத்தம் எடுத்தார். சோடியம் 119. சாதாரணமா 135-ல் இருந்து 145 வரை இருக்கணும்.

3 சதவீத சலைன், 100 மில்லி, பத்து நிமிஷத்துல. அப்புறம் இன்னொரு 100. வயசானவங்களுக்கு நாள்கணக்குல மெதுவா இறங்கின சோடியத்தை வேகமா ஏத்தக் கூடாது, அது வேற. சில மணி நேரத்துல இறங்கி வலிப்பு வரை போனதுக்கு வேகமாத்தான் கொடுக்கணும்.

23/
மூணு மணிக்கு மேல கண்ணு தெளிஞ்சுது. "அண்ணே, பார்டர் பரோட்டா சாப்டமா?"ன்னு கேட்டான்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட சேர்ந்தது. அப்ப எல்லை பிரானூர் பக்கம். எல்லை மலைக்கு மேல போயிருச்சு, 'பார்டர்'ங்கிற பேர் மட்டும் பரோட்டாவோட இங்கயே தங்கிருச்சு. அங்க சாப்பிடணும்னு ஒரு மாசமா பேசிக்கிட்டு இருந்தோம். நான் வெளிய வந்து நடைவழியில நின்னு அழுதேன்.

24/
அண்ணனும் வாத்தியாரும் ராத்திரியே சைக்கிள் ஓட்டிக்கிட்டு தென்காசி வந்து சேர்ந்திருந்தாங்க. விடியறதுக்குள்ள தம்பிக்கு ரெண்டு பை நிறைய சிறுநீர் போச்சு. உடம்புக்குள்ள அடைச்சு வச்சிருந்த தண்ணி. காலை 8 மணிக்கு அண்ணன் வாட்சைப் பார்த்தார், ஒரு செய்தி அனுப்பினார்: "டீம் முடிக்கவில்லை. புளியறை. அனைவரும் நலம்." அப்புறம் நாலு பேருக்கும் இட்லி வாங்கப் போனார்.

25/
ஒன்பது மணிக்கு அம்பாசமுத்திரத்துல இருந்து தம்பியோட அம்மா வந்தாங்க. மகனைப் பார்த்துட்டு வெளிய வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "டாக்டர் கூட இருந்ததால எம்புள்ள பொழச்சான்யா."

நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல வாய் வரல.

26/
இப்ப கொஞ்சம் மருத்துவம். உடம்பு மணிக்கணக்கா உழைக்கும்போது, வலி, குமட்டல் இருக்கும்போது மூளை வாசோப்ரெசின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். 'தண்ணியை வெளிய விடாதே'ன்னு கிட்னிக்கு அது சொல்ற உத்தரவு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் அந்த உத்தரவை இன்னும் இறுக்கும். அந்த நேரத்துல மேல மேல தண்ணி குடிச்சா அது உள்ளயே தங்கும். ரத்தத்துல உப்பு நீர்த்துப் போகும். தண்ணி மூளைச் செல்லுக்குள்ள புகும். மூளை வீங்கும். மண்டை ஓட்டுக்குள்ள வீங்க இடம் கிடையாது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு எல்லாம் அதுல இருந்து வர்றதுதான்.

27/
யாருக்கு அதிகம் வரும்? சின்ன உடம்பு, மெதுவான வேகம், நீண்ட நேரம், அதிகத் தண்ணி. அப்படியே தம்பிதான். பாட்டில் கணக்கைப் பின்னாடி கூட்டிப் பார்த்தோம். புளியறை வரைக்கும் அவன் குடிச்சது 14 லிட்டருக்கு மேல. அவனை விட முப்பது கிலோ அதிகமா இருக்கிற அண்ணன் குடிச்சது எட்டு.

எலக்ட்ரோலைட் பானம் குடிச்சா வராதுன்னு நினைக்காதீங்க. ரத்தத்துல சோடியம் 140-ஐ ஒட்டி இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட ஓஆர்எஸ்லயே 75தான். கடையில விக்கிற ஸ்போர்ட்ஸ் பானங்கள்ல அதைவிட ரொம்பக் குறைவு. அளவுக்கு மீறினா அதுவும் நீர்த்துத்தான் விடும்.

28/
இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1985-லயே தென்னாப்பிரிக்காவுல டிம் நோக்ஸ் குழு நீண்டதூரப் போட்டி வீரர்கள்கிட்ட இதைப் பார்த்து எழுதிட்டாங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவு, மூணு பேருக்கு 120 அல்லது அதுக்கும் கீழ. 2005-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. ஓடி முடிச்சப்ப எடை குறைஞ்சவங்களை விட, எடை கூடினவங்களுக்குத்தான் அதிக ஆபத்து.

29/
இன்னொண்ணு. 1996-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கொடுத்த வழிகாட்டுதல், வேர்வையில போறதை முழுசா ஈடுகட்டுற அளவுக்கு, இல்லைன்னா தாங்குற அளவுக்குக் குடின்னு சொல்லுச்சு. 2007-ல் அதை மாத்தி, அதிகமா குடிக்கிறதும் ஆபத்துன்னு எச்சரிச்சாங்க. மாத்தினது பேப்பர்ல. நான் கன்னியாகுமரியில நின்னு சொன்னது பழைய பாடம். பரீட்சையில எழுதி மார்க் வாங்கினதைத் திரும்ப ஒரு தடவை சரிபார்க்காம ஒரு 52 கிலோ உடம்பு மேல ஓட்டிப் பார்த்திருக்கேன்.

30/
நீங்க செய்ய வேண்டியது:

• தாகம் எடுக்கும்போது குடிங்க. எடுக்காதப்ப அலாரத்துக்காகக் குடிக்காதீங்க.
• நீண்ட ஓட்டம், மலையேற்றம், பாதயாத்திரை, சைக்கிள் எதுவானாலும் நடுவுல வலி மாத்திரை வேண்டாம்.
• மோதிரம், வாட்ச் இறுகுதா, வயிறு உப்புதா, தலைவலி, வாந்தி இருக்கா? தண்ணியை நிறுத்துங்க. உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.
• பேச்சு குழறினா, இடம் தெரியாம உளறினா, அது தூக்கம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. தனியா படுக்க வைக்காதீங்க. 108.
• அதுக்காக வெயில்ல தண்ணி குடிக்காம இருக்காதீங்க. வயித்துப்போக்கு, வெயில் மயக்கம் இதெல்லாம் வேற கணக்கு.

31/
டீம்ல போறவங்களுக்கு ஒண்ணு. "நல்லா இருக்கியா?"ன்னு கேட்காதீங்க. எல்லாரும் "நல்லா இருக்கேன்"னுதான் சொல்வாங்க. டீமுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு கடைசியா வர்ற ஆளுக்குத்தான் ரொம்ப கவலை. "எங்க இருக்கோம்? அடுத்த ஊர் எது? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?" இப்படிக் கேளுங்க. பதிலை விட முகத்தைப் பாருங்க. கடை அண்ணாச்சி அதைத்தான் செஞ்சார்.

32/
பதினஞ்சு நாள் கழிச்சு சைக்கிளை எடுக்க நாலு பேரும் புளியறை போனோம். தென்காசியில இருந்து பஸ். செங்கோட்டை தாண்டினதும் தம்பிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மணிக்கு ஒரு லிட்டர், வலி மாத்திரை, பெஞ்சுல விட்டுட்டுப் போகத் தலையாட்டினது எல்லாம். அவன் ஜன்னல் வழியா வயலையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் சொன்னான்: "திருவனந்தபுரத்துக்குப் பொறவு எனக்குத் தாகமே இல்லண்ணே. நீங்க டாக்டர், சொன்னா சரியா இருக்கும்னு குடிச்சேன்."

அம்மாகிட்டயும் சொல்லிடுறேன்னேன். "நான் சொல்லிட்டேன். தண்ணி குடிச்சா கூடவா இப்படி ஆகும்னு கேட்டா"ன்னான்.

33/
கடையில அண்ணாச்சி சைக்கிளைச் சாக்கு போட்டு மூடி வச்சிருந்தார். அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு, வழக்கம்போல நாலு டம்ளர் தண்ணியை முதல்ல கொண்டு வந்து வச்சார். நாங்க மூணு பேரும் தம்பியையே பார்த்தோம். அவன் ஒருத்தரையும் பார்க்காம டம்ளரை எடுத்தான்.

"தாகமாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுக் குடிச்சான்.

உங்க ஓட்டக் குழு, சைக்கிள் குழு, பாதயாத்திரை குழுவுல இதைப் பகிருங்க. யாராவது ஒருத்தர் அலாரம் வச்சிருப்பாங்க.